கல்லாமையும் அறியாமையும்

1834 ஆம் ஆண்டில், இன்று செபராங் பிறை என வழங்கும் நிலப்பகுதியில், கிழக்கிந்தியக் கும்பினியின் அலுவலரான கேப்டன் ஜேம்ஸ் லோ என்பார் கற்பலகை ஒன்றைக் கண்டெடுத்தார். அதன் நடுவே அடுக்கடுக்கான குடைகளோடு கூடிய பௌத்தத் தூபியின் உருவம் செதுக்கப்பட்டிருந்தது. அதன் பக்கங்களில் வடமொழி வாசகங்கள் தென்னிந்திய எழுத்தமைதியில் பொறிக்கப்பட்டிருந்தன. இரத்தமிருத்திகை, அதாவது செம்மண் நிலம், என்னும் ஊரைச் சேர்ந்த புத்தகுப்தன் என்ற பெருங்கலத் தலைவன் தன் பயணம் இனிது நிறைவேறுக என வேண்டிச் செய்வித்த கல் அது. கி.பி. 5 ஆம் நூற்றாண்டை ஒட்டியது என்பது அறிஞர் துணிபு. இன்று அது கொல்கத்தாவிலுள்ள இந்திய அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

கடலோடி ஒருவன் நல்ல காற்றையும் நல்ல கரையையும் வேண்டுவது இயல்பே. ஆயின் அக்கல்லில் வேண்டுதல் மட்டுமின்றிப் பாட்டு ஒன்றும் உள்ளது. அறியாமையால் வினை பெருகுகிறது, அவ்வினையே பிறப்புக்குக் காரணமாகிறது, அறிவு வந்தால் வினை நிகழாது, வினை இல்லையெனில் பிறப்பும் இல்லை என்பது அதன் கருத்து. கெடா மாநிலத்துப் புக்கிட் மெரியம் என்னும் இடத்தில் கிடைத்த சிறு பலகையிலும் இதே பாட்டுக் காணப்படுகிறது. பட்டினப்பாலை காழகம் என்று சுட்டும் கடாரக் கரையில், ஏறத்தாழ ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே, 'அஞ்ஞானம்' என்னும் சொல் கல்லில் ஏறிவிட்டது.

அச்சொல் எதைக் குறிக்கிறது? எழுத்தறியாமையையா? நூல் பல கல்லாமையையா? அன்று என்பதே இந்திய மெய்ப்பொருளியலின் விடை. இந்து சமயத் தத்துவங்களும் பௌத்தமும் பலவற்றில் முரண்பட்டு நூற்றாண்டுக் கணக்கில் வாதிட்டன. எனினும் கல்லாமை வேறு, அறியாமை வேறு என்பதில் அவை ஒன்றுபட்டன. அதனினும் வியப்பானது, அறியாமையின் கொடிய வடிவத்தை அவை கல்லாதவரிடம் தேடாமல் கற்றவரிடமே தேடின என்பது. ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் இவ்வரலாறு நெருக்கமானதாவது இதனாலேயாம்.

நாரதரின் துயரம்

உபநிடதங்களுள் மிகப் பழையவற்றில் ஒன்றாகிய சாந்தோக்கியத்தின் ஏழாம் இயலில் ஒரு காட்சி வருகிறது. நாரதர் சனற்குமாரரை அடைந்து தமக்குக் கற்பிக்குமாறு வேண்டுகிறார். 'முதலில் உமக்குத் தெரிந்ததைச் சொல்லும்' என்கிறார் சனற்குமாரர். நாரதர் நான்கு வேதங்கள், இதிகாச புராணங்கள், இலக்கணம், கணிதம், தருக்கம், வான்நூல் எனத் தாம் கற்ற கலைகளை நெடும்பட்டியலாக அடுக்குகிறார். அத்தனையும் சொல்லி முடித்தபின், தாம் மந்திரங்களை அறிந்தவரேயன்றி ஆன்மாவை அறிந்தவர் அல்லர் என்றும், அதனால் துயரில் உழல்வதாகவும் ஒப்புக்கொள்கிறார். அவர் கற்றவை அனைத்தும் வெறும் பெயர்களே என்று சனற்குமாரர் பாடத்தைத் தொடங்குகிறார்.

இங்கு அறியாமை என்பது அறிவுப் பட்டியலில் விடுபட்ட ஒரு பாடம் அன்று. எத்தனை பாடங்களைச் சேர்த்தாலும் நிரம்பாத இடம் அது. கடோபநிடதத்திலும் முண்டகத்திலும் இக்கருத்து மேலும் கடுமை பெறுகிறது. அவித்தையின் நடுவே இருந்துகொண்டே தம்மை அறிஞர் என மதித்துத் திரிவோர், குருடன் வழிகாட்டச் செல்லும் குருடரை ஒப்பர் என்று அவை உவமிக்கின்றன. ஈசோபநிடதமோ ஒரு படி மேலே செல்கிறது. அவித்தையைப் போற்றுவோர் இருளில் புகுவர் என்று சொல்லி, வித்தையில் மட்டும் மகிழ்ந்திருப்போர் அதனினும் பெரிய இருளில் புகுவர் என்று எச்சரிக்கிறது. இவ்விடத்துக்கு உரையாசிரியர்கள் பலவாறு பொருள் கண்டுள்ளனர். ஆயினும் கல்விச் செருக்கின்மேல் விழும் அடியாக அதனைக் கொள்வதில் தடையில்லை.

புத்தர் கண்ட சங்கிலி

உபநிடத முனிவர்கள் 'எதை அறியவில்லை?' என்ற வினாவுக்கு 'ஆன்மாவை' என்று விடை கூறினர். புத்தர் அவ்விடையை ஏற்கவில்லை. பௌத்த சூத்திரங்களில் அவித்தைக்குத் தரப்படும் இலக்கணம் மிகத் தெளிவானது: துக்கத்தை அறியாமை, துக்கத்தின் தோற்றத்தை அறியாமை, துக்கத்தின் நீக்கத்தை அறியாமை, நீக்கத்துக்குரிய நெறியை அறியாமை. நான்கு வாய்மைகளையும் அறியாமையே அவித்தை. உலகம் என்றும் உள்ளதா, முடிவுடையதா என்று துருவிய மாலுங்கியபுத்தனுக்கு அவர் விடையளிக்க மறுத்தார். நச்சு அம்பு தைத்த ஒருவன் அதை எய்தவனின் குலமும் ஊரும் அறிந்தபின்தான் அம்பைப் பிடுங்கவிடுவேன் என்றால், அறியுமுன்னரே மாண்டுபோவான் என்பது அவர் காட்டிய உவமை.

துக்கம் எவ்வாறு எழுகிறது என்பதைப் பன்னிரு கண்ணிகள் கொண்ட சங்கிலியாகப் பௌத்தம் விளக்குகிறது. அதன் தலைக்கண்ணி அவித்தை. ஆயின் அதை உலகின் முதற்காரணமாக, ஒரு தெய்வத்தின் இடத்தில், வைத்துவிடக் கூடாது. 'இதற்குமுன் அவித்தை இல்லை, இதன்பின் தோன்றியது' என்று சொல்லத்தக்க தொடக்கம் காணப்படவில்லை என்று அங்குத்தர நிகாயம் கூறுகிறது. அடுத்தே, அவித்தைக்கும் உணவு உண்டு என்கிறது. காமவிருப்பு, வெறுப்பு, சோம்பல், மனக்கொந்தளிப்பு, ஐயம் என்னும் ஐந்து தடைகளே அவ்வுணவு. உணவை நிறுத்தினால் உடல் மெலிவதுபோல, அத்தடைகளை நீக்கினால் அவித்தையும் மெலியும். தொடக்கம் தெரியாத ஒன்றுக்கு முடிவு உண்டு என்னும் நம்பிக்கை இதனால் பிறக்கிறது.

இன்மையா, பகையா?

அறியாமை என்பது அறிவின் இன்மை மட்டுமா, தனியாக ஏதேனும் உளதா? இவ்வினா பின்வந்த தத்துவ வரலாறு முழுவதையும் ஊடுருவி நிற்கிறது. இன்மை எனின், இல்லாத ஒன்று எவ்வாறு வினையையும் பிறப்பையும் விளைவிக்கும்?

பௌத்த ஆசிரியர் வசுபந்து தமது அபிதர்மகோசத்தில் இதற்கு ஓர் எளிய எடுத்துக்காட்டைத் தருகிறார். வடமொழியில் 'அமித்திரன்' என்னும் சொல்லின் நேர்ப்பொருள் நண்பன் அல்லாதவன் என்பது. ஆயினும் அது நண்பன் இல்லாமையைக் குறிப்பதில்லை, பகைவனைக் குறிக்கிறது. அவ்வாறே அவித்தை என்பதும் வித்தையின் இன்மை அன்று, வித்தைக்கு எதிரியாய் நிற்கும் ஒன்று. இதே எடுத்துக்காட்டைப் பதஞ்சலியின் யோகசூத்திரத்துக்கு வியாசர் எழுதிய உரையிலும் காணலாம். மாறுபட்ட இரு சமயத்தார் ஒரே இலக்கண நுட்பத்தைக் கையாண்டது, அவர்கள் ஒருவர் நூலை ஒருவர் அறிந்த அண்டைவீட்டாராய் வாழ்ந்தனர் என்பதைக் காட்டும்.

அவ்வொற்றுமை அதனோடு நிற்கவில்லை. நிலையாததை நிலையானது என்றும், தூய்மையற்றதைத் தூயது என்றும், துன்பத்தை இன்பம் என்றும், ஆன்மா அல்லாததை ஆன்மா என்றும் கொள்வதே அவித்தை எனப் பதஞ்சலி இலக்கணம் வகுத்தார். இந்நான்கு திரிபுகளையும் பௌத்த சூத்திரங்களும் எண்ணிச் சொல்கின்றன. எனினும் நான்காவதில் இரு நெறியும் பிரிகின்றன. 'இஃது ஆன்மா அன்று' என்ற அளவில் இருவரும் உடன்படுவர். 'ஆன்மா வேறாக உள்ளது, அதைப் பிரித்தறிக' என்பார் யோகநூலார். 'எங்குத் தேடினும் அப்படி ஒன்று அகப்படாது, தேடும் பற்றை விடுக' என்பார் பௌத்தர். ஒருவர் மெய்யறிவு எனப் போற்றியது மற்றவர்க்கு அறியாமையாயிற்று.

முயற்கொம்பும் குற்றியும்

வடமொழியில் அவித்தை எனப்பட்டதைத் தமிழ் தனக்கே உரிய சொற்களால் வரவேற்றது. பேதைமை, மருள், மயக்கம், இருள் என்பன அவை. திருக்குறளில் கல்லாமைக்கு ஓர் அதிகாரம், பேதைமைக்கு ஓர் அதிகாரம், புல்லறிவாண்மைக்கு ஓர் அதிகாரம், துறவறவியலில் மெய்யுணர்தலுக்கு ஓர் அதிகாரம் என நான்கும் தனித்தனியே வகுக்கப்பட்டிருப்பதை நோக்குக. கல்லாமை பொருட்பாலின் 41 ஆம் அதிகாரம். மெய்யுணர்தல் அறத்துப்பாலின் 36 ஆம் அதிகாரம். மெய்யல்லாதவற்றை மெய்யென உணரும் மருளால் பிறப்பு உண்டாகும் என்பது பின்னதன் தொடக்கம். அதற்கு உரைகண்ட பரிமேலழகர், மரக்குற்றியை மனிதன் என்றும் இப்பியை வெள்ளி என்றும் துணிவது போன்ற திரிபுணர்வை எடுத்துக்காட்டுகிறார். பிறப்புக்குக் காரணமான ஐந்து குற்றங்களுள் அவிச்சையே ஏனைய நான்கிற்கும் வேர் என்றும் விளக்குகிறார். யோகநூற் கொள்கை தமிழுரையில் கலந்த இடம் இது.

பௌத்தக் கொள்கை தமிழில் முழுவடிவில் நின்றது மணிமேகலையில். வஞ்சி நகரில் பல சமயக் கணக்கரிடமும் அவரவர் கொள்கையைக் கேட்டறிந்த மணிமேகலை, எதிலும் நிறைவு பெறாமல் காஞ்சியில் அறவண அடிகளை அடைகிறாள். 30 ஆம் காதையில் அடிகள் பன்னிரு நிதானங்களையும் உரைக்கிறார். அவித்தைக்குப் பேதைமை, கன்மத்துக்குச் செய்கை, வேதனைக்கு நுகர்வு, தாகத்துக்கு வேட்கை என்று சாத்தனார் ஆண்ட தமிழ்ச் சொற்கள் இன்றும் புதுமை குன்றாதவை. பேதைமைக்கு அவர் தரும் விளக்கம் இன்னும் சிறப்புடையது. இயல்பாகத் தான் கண்டதை மறந்துவிட்டு, முயலுக்குக் கொம்பு உண்டு எனப் பிறர் சொல்லக் கேட்டதைத் தெளிந்து நம்புவதே பேதைமை என்பது அவ்விளக்கம். காட்சியைக் கைவிட்டுக் கேள்வியை மட்டும் பற்றுவது இங்குக் குற்றமாகிறது. காதால் கேட்டதைக் கேட்டவாறே ஒப்பிக்கும் மாணவனுக்கும், அதைக் கேட்டு மகிழும் ஆசிரியனுக்கும் இதனினும் கூரிய எச்சரிக்கை வேண்டுவதில்லை.

பௌத்தம் தமிழகத்தில் நெடுங்காலம் நிலைபெற்றிருந்தது. 11 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நாகப்பட்டினத்தில் கடாரத்து அரசன் பெயரால் எழுந்த சூடாமணி விகாரத்துக்குச் சைவனான முதலாம் இராசராசன் ஆனைமங்கலம் என்னும் ஊரை அளித்த செய்தியை ஆனைமங்கலச் செப்பேடுகள் கூறுகின்றன. பின்னர் அச்சமயம் படிப்படியாக மறைந்தது. அதனோடு அதன் கலைச்சொற்களின் பொருளும் மறைந்தது. டாக்டர் உ.வே.சாமிநாதையர் மணிமேகலை ஏட்டைக் கையில் எடுத்தபோது, தமிழ்ப் புலவர் பலர்க்கு அது எந்தச் சமயத்து நூல் என்பதே விளங்காதிருந்தது. கும்பகோணம் கல்லூரியில் இருந்த பேராசிரியர் ரங்காசாரியாரின் துணையால் பௌத்தக் கருத்துகளைத் தெளிந்துகொண்டு, 1898 இல் ஐயர் அந்நூலைப் பதிப்பித்தார். புத்தர் வரலாறு, தருமம், சங்கம் ஆகியவற்றைப் பற்றியும் தாமே தமிழில் எழுதினார். அறியாமையின் இலக்கணத்தைச் சொன்ன நூலே அறியப்படாமற் கிடந்தது காலத்தின் விளையாட்டு. தமக்குத் தெரியாததைத் தெரியாது என ஒப்பி, வேறு துறை அறிஞரிடம் மாணவராய் அமர்ந்த ஒருவரால் அது மீண்டது.

கயிறும் பாம்பும்

வேதாந்தத்தில் இக்கருத்தை மையத்தில் நிறுத்தியவர் சங்கரர். பிரமசூத்திர உரையின் முன்னுரையில் அவர் அத்தியாசம் என்னும் கொள்கையை விளக்குகிறார். ஒன்றன் இயல்பை மற்றொன்றின்மேல் ஏற்றிக் காண்பதே அத்தியாசம். அதனையே அறிஞர் அவித்தை என்பர் என்பது அவர் கூற்று. உடல் பருத்தால் 'நான் பருத்தேன்' என்பதும், கண் குருடானால் 'நான் குருடன்' என்பதும் இவ்வேற்றமே. அத்துவைதிகளின் புகழ்பெற்ற உவமை கயிற்றரவு. அரையிருளில் கயிறு பாம்பாகத் தோன்றுகிறது. அச்சமும் நடுக்கமும் மெய்யாகவே நிகழ்கின்றன. விளக்கு வந்தபின் பாம்பை அடித்துத் துரத்த வேண்டுவதில்லை. அஃது அங்கு ஒருபோதும் இருந்ததில்லை. ஆதலால் செயல் அன்று, அறிவு ஒன்றே அவித்தைக்கு மாற்று.

இக்கொள்கையை 'எங்கே இருக்கிறது உங்கள் அவித்தை?' என்ற வினாவால் இராமானுசர் மடக்கினார். சீபாடியத்தில் அவர் எழுப்பிய ஏழு தடைகளுள் முதலாவது அதுவே. பிரமத்தில் உள்ளது எனின், அறிவே வடிவான பொருளில் அறியாமை தங்காது. சீவனில் உள்ளது எனின், சீவன் என்ற வேறுபாடே அவித்தையால் வந்ததாகச் சொல்லப்படுகிறது. விளைவு தன் காரணத்துக்கு இடமாதல் எங்ஙனம்? அத்துவைத ஆசிரியர்களும் இவ்விடத்தில் இரு பிரிவாயினர். வாசற்பதி மிசிரர் வழியினர் சீவனையே அவித்தையின் இடமாகக் கொண்டனர்; விவரண மரபினர் பிரமத்தைக் கொண்டனர்.

தன்னையும் காட்டாத இருள்

13 ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் பன்னிரண்டு நூற்பாக்களால் சிவஞானபோதத்தை அருளினார். அவர் வழிவந்த சைவசித்தாந்தம் அறியாமையைத் தோற்றமாகவோ திரிபாகவோ கொள்ளவில்லை. ஆணவம் என்னும் மலமாக, உயிரோடு தொன்றுதொட்டு ஒட்டிய உண்மைப் பொருளாகக் கொண்டது. செம்பில் களிம்பு போலவும் நெல்லில் உமி போலவும் அஃது உயிரோடு உள்ளது. அவித்தையின் இருப்பிடம் யாது என்னும் பழைய சிக்கலுக்கு, இறையும் அன்று, பொய்த்தோற்றமான சீவனும் அன்று, உள்பொருளாகிய உயிரே இடம் என்ற விடை கிடைத்தது. களிம்பின் குற்றம் செம்பின் குற்றம் அன்று. செம்பை ஆக்கியவனின் குற்றமும் அன்று.

உமாபதி சிவாசாரியார் திருவருட்பயனில் இருள்மல நிலை என ஓர் அதிகாரமே வகுத்தார். உலகத்து இருளுக்கும் ஆணவ இருளுக்கும் அவர் காணும் வேறுபாடு எண்ணி எண்ணி மகிழத்தக்கது. புற இருள் பொருள்களை மறைக்கும். ஆனால் 'இங்கே இருள்' என்று தன்னைக் காட்டிக்கொள்ளும். ஆணவமோ பொருளையும் காட்டாது, தன்னையும் காட்டாது. இருளில் இருப்பவன் தான் இருளில் இருப்பதை அறிவான். அறியாமையில் இருப்பவன் அதனை அறியான். நாரதர் சனற்குமாரரை நாடிச் சென்றது எவ்வளவு அரிய செயல் என்பது இங்குதான் விளங்குகிறது.

வேடரிடை வளர்ந்த அரசகுமாரன்

நோயைக் கணித்த முறை மாறினால் மருந்தும் மாறும். இதைக் காட்ட ஒரே கதை இரு பள்ளிகளில் வழங்குவது நல்வாய்ப்பு. குழந்தைப் பருவத்தில் பெற்றோரைப் பிரிந்த அரசகுமாரன் ஒருவன் வேடரிடையே வளர்ந்து, தன்னையும் வேடனாகவே எண்ணினான். அவன் பிறப்பை அறிந்த அருளாளர் ஒருவர் வந்து, 'நீ வேடன் அல்லை, அரசன் மகன்' என்று உணர்த்தினார். சங்கரர் பிருகதாரணியக உபநிடத உரையில் இக்கதையைச் சொல்கிறார். அங்குச் சொன்ன அளவிலேயே வேடன் என்ற எண்ணம் ஒழிகிறது. புதிதாக எதுவும் நிகழவில்லை. அவன் என்றும் அரசகுமாரனே.

மெய்கண்டார் எட்டாம் நூற்பாவில் அதே கதையைக் கையாள்கிறார். வேடர் இங்கு ஐம்புலன்கள். உணர்த்தும் குருவோ மனிதவடிவில் வந்த இறைவனே. உயிர் செய்த தவம் முதிர்ந்தபின்னரே அவன் வருகிறான். உணர்ந்த குமாரன் அரசனாகி விடுவதில்லை. வேடரை விட்டு நீங்கி, வேறறநின்று, அரன் கழலை அடைகிறான். சொல் ஒன்றே போதும் என்றார் ஒருவர். சொல்லைக் கேட்கும் பக்குவமும் சொல்பவனின் அருளும் வேண்டும் என்றார் மற்றவர். பௌத்தரிடம் இக்கதையைக் கொடுத்தால், வேடன் என்ற எண்ணத்தோடு அரசகுமாரன் என்ற எண்ணத்தையும் விடுமாறு சொல்லியிருப்பர்.

இம்மூன்றும் மூன்று கல்விமுறைகளாகவும் நிற்கின்றன. பிழையான பார்வையைத் திருத்துவது ஒன்று. பிழைக்கு உணவாகும் பழக்கங்களை நாள்தோறும் குறைப்பது ஒன்று. மாணவன் பக்குவமாகும்வரை உடனிருந்து காத்திருப்பது ஒன்று. எதிலும் ஆசிரியன் வெற்றுக் குடத்தில் நீர் நிரப்புபவனாகக் கருதப்படவில்லை. குடம் வெறுமையாக இல்லை என்பதையே அறியாமை பற்றிய இந்நெடிய ஆராய்ச்சி உணர்த்துகிறது. அது முயற்கொம்புகளாலும் கயிற்றரவுகளாலும் முன்னமே நிரம்பியுள்ளது.

ஓதி, உணர்ந்து, பிறர்க்கும் உரைத்து, அதன்வழித் தான் அடங்காதவனைப் பேதையருள் தலையாயவனாக வள்ளுவர் வைத்ததன் நியாயம் இப்போது தெளிவாகும். மற்றப் பேதையர் இருளில் உள்ளனர். இவனோ விளக்கைப் பிறர்க்கு ஏந்திக் காட்டிவிட்டுத் தான் கண்மூடி நடப்பவன்.

புத்தகுப்தனின் கலம் கரை சேர்ந்ததா என்பதைக் கல் கூறவில்லை. புயலும் பாறையும் கடலோடிக்கு இடையூறே. ஆயின் அவற்றைக் கண்ணால் காணலாம், கண்டு விலகலாம். காணப்படாத இடையூறு ஒன்று கலத்திலேயே ஏறி வருகிறது என்பதை அந்த நான்கு வரிப் பாட்டு நினைவூட்டியது. ஏட்டிலிருந்து கல்லுக்கும், வடமொழியிலிருந்து தமிழுக்கும், கங்கைக் கரையிலிருந்து கடாரத்துக்கும் அந்நினைவு பயணம் செய்திருக்கிறது. வகுப்பறைக்குள் அது வந்து சேர்வதற்கு முதலில் திறக்க வேண்டிய கதவு ஆசிரியனுடையது.